குழந்தையின் அவசரப் பை: ஐப்பசிக்கு முன் திருத்த வேண்டிய தவறுகள்

வானிலை அறிக்கையில் ‘தாழ்வு மண்டலம்’ என்ற சொல் வந்த பிறகுதான் சென்னையிலும் கடலூரிலும் பல வீடுகளில், வெள்ளம் வந்தால் மாட்டிக்கொண்டு கிளம்ப, பிள்ளைக்கு அவசரப் பை தயாராகிறது. பேட்டரி வாங்க மறப்பது, பிஸ்கட்டில் தேதி பார்க்காதது எல்லாம் ஊரறிந்த சறுக்கல்கள், அவற்றை விட்டுவிடலாம். புதிதாகப் பை கட்டுகிறவர்கள் வருஷம் தவறாமல் செய்கிறவை வேறு.

வீட்டுச் சுமையைப் பிள்ளை முதுகில் ஏற்றுவது

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். பெரிய பையில் இடமில்லை என்று பவர் பேங்க், பத்திர ஜெராக்ஸ், இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் சின்னப் பைக்குள் போகும். பள்ளிப் பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை. முழங்கால் தண்ணீரில் அதுவே அதிகம்.

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு உச்சவரம்பு 2 கிலோ. கணக்குப் போடுங்கள்: வெறும் பை 500 கிராம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு 530, ஒரு செட் பருத்தி உடையும் சின்னத் துண்டும் 350, மழைக்கோட்டு 200, பொட்டுக்கடலை, பேரீச்சை, கடலை மிட்டாய் சேர்த்து 200, டார்ச், விசில், விவர அட்டை 100. ஆக 1,880 கிராம். மிச்சம் 120 கிராம், ஒரு குட்டிப் பொம்மைக்கு. அவ்வளவுதான் இடம்.

கனம் கூடினால் பிள்ளை பத்தடி நடந்து பையைக் கழற்றும். அம்மா அதை வாங்கி ஒரு கையில் பிடிப்பார். மறு கையில் ஏற்கெனவே வீட்டுப் பை. பிள்ளையைப் பிடிக்கக் கை ஏது? வடிகால் மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்றே தெரியாத தெருவில் பையைத் தொலைக்கலாம், அந்தக் கையை விடக் கூடாது.

கட்டிய பையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு பிள்ளை முதுகில் மாட்டி இரண்டு மாடி ஏறச் சொல்லுங்கள். நடுவில் இறக்கி வைத்தால் எதையாவது வெளியே எடுத்தாக வேண்டும். பள்ளி சேராத குழந்தைக்குத் தனிப் பையே வேண்டாம்.

ரெயின் கவரை நம்புவது

முதுகுப் பக்கமும் பட்டைத் தையலும் நனையும். பைக்குள் தடித்த பாலிதீன் உறை போட்டு, பொருள்களை அதற்குள் அடுக்கி, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட் அளவு

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் இந்த உப்பு-சர்க்கரைப் பொடியில் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. பிள்ளை பையில் இருப்பதோ அரை லிட்டர். அவசரத்தில் முழுசாகக் கொட்டினால் உப்பு இரண்டு மடங்காகி, வயிற்றுப்போக்கில் துவண்ட உடம்பில் சோடியம் ஏறிவிடும். 200 மில்லி சிறு பாக்கெட் வாங்குங்கள்.

விவர அட்டை பைக்குள் மட்டும்

படகில் ஏற்றும்போது மூட்டைகளை விட்டுவிட்டு வரச் சொல்லக்கூடும். பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, இரண்டு போன் எண்கள் எழுதிய இன்னொரு அட்டை சட்டைக்குள் ஊக்கில் இருக்கட்டும். ஒரு எண் வெளியூர் உறவினருடையதாக இருக்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல இடங்களில் செல்போன் சேவை படுத்துவிட்டது. ஜெல் பேனா மை கரையும். பர்மனென்ட் மார்க்கரில் எழுதி லேமினேட் செய்யுங்கள்.

பையின் வெளியே பெயர்

வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை யாரோடும் போய்விடும்.

விசில் கழுத்தில்

கயிறு சிக்கும். பையின் தோள்பட்டையில் கட்டுங்கள்.

காய்ச்சல் சிரப்

பெரியவர் பையில். பாராசிட்டமால் 5 மில்லிக்கு 120 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு வீரியத்தில் வருவதால், மருத்துவர் சொன்ன அளவை பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

அந்துருண்டை

பூச்சி வராது என்று ஓர் உருண்டையைப் போட்டு வைக்கிறார்கள். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டால் விஷம். நாப்தலின் வாடை தின்பண்டத்திலும் ஏறும். அதற்குப் பதில் புரட்டாசியில் பையைக் கவிழ்த்து ஒரு நாள் வெயிலில் காய வைத்து, தின்பண்டத்தை மாற்றுங்கள். அப்படியே சட்டையையும் போட்டுப் பாருங்கள், போன வருஷத்து அளவு இந்த வருஷம் சேராது.