மீன் ஐஸில் பூஜ்ஜியம் கிடைக்காது

நாகப்பட்டினம் பக்கம் மீன் குளிர்பதனக் கிடங்குகளில் உள்ள தெர்மாமீட்டர்களைச் சரிபார்ப்பது என் தொழில். நான் நம்பியிருப்பது ஒரே ஒரு பிடி100 கம்பியை, அதாவது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினத் தெர்மாமீட்டரை. 0 டிகிரி செல்சியஸில் அதன் தடை 100 ஓம், டிகிரிக்கு சுமார் 0.39 ஓம் கூடும். அந்தக் கம்பியே தடம் மாறினால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் நிலைப்புள்ளிகள், அதாவது இயற்கையே நிர்ணயித்த மாறாத வெப்பநிலைகள். 1990-இல் வந்த சர்வதேச வெப்பநிலை அளவுகோலில் நீரின் மும்மைப்புள்ளி (திடம், திரவம், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலை) 0.01 டிகிரி, பாதரசத்துடையது மைனஸ் 38.8344, ஆர்கானுடையது மைனஸ் 189.3442. அந்தப் புள்ளிகளை உண்டாக்கும் மூடிய கலங்கள் என் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. உருகும் ஐஸும் கொதிக்கும் திரவ நைட்ரஜனும் கட்டுப்படியாகும்.

முதலில் ஐஸ். தொழிலுக்கு வந்த புதிதில் மீனுக்குப் போடும் கட்டி ஐஸை உடைத்துப் பயன்படுத்தினேன். மீட்டர் மைனஸ் 0.12-இல் நின்றது. கருவியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு ஐஸில் இருந்தது. கட்டி ஐஸ் உறையும் தகர டப்பாக்களை உப்புத்தண்ணீர்த் தொட்டியில்தான் இறக்குவார்கள். டப்பா கசிந்தால் உப்பு உள்ளே போய்விடும். கடலோரத்து போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. லிட்டருக்கு 1 கிராம் உப்பு கலந்தாலே உருகுநிலை 0.06 டிகிரி இறங்கிவிடும்.

அதனால் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, வீட்டு பிரீசரிலேயே உறைய வையுங்கள். சுத்தமான துணியில் சுற்றி, மரச்சுத்தியால் நொய்யரிசி அளவுக்கு நொறுக்குங்கள். வெறும் கையால் தொடவே கூடாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்வையே போதும் கெடுக்க. வாய் அகன்ற ஆழமான தெர்மாஸ் பிளாஸ்க்கை அதே நீரால் அலசி, ஐஸை நிரப்பி, குளிரவைத்த வடிநீரை இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் வெள்ளையாகத் தெரிந்தால் தண்ணீர் போதவில்லை. மிதந்தால் அதிகம். கண்ணாடி போல மங்கலாக, அடர்ந்து நிற்க வேண்டும்.

இங்கே பலர் தவறுவது அடித்தண்ணீரில். தண்ணீர் 4 டிகிரியில்தான் கனமாக இருக்கும், அது அடியில் போய்த் தங்கும். ஒரு மெல்லிய குழாயை விட்டு அதை அவ்வப்போது உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே ஐஸ் சேருங்கள். கம்பியின் முனை தரையைத் தொடாமல், குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்தில், சுற்றிலும் ஐஸோடு இருக்கட்டும். இருபது நிமிடம் பொறுங்கள்.

ஒயரின் சொந்தத் தடை அளவில் சேராதபடி நான்கு ஒயர் இணைப்பில் அளவிடுங்கள். இன்னொன்று: 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே கம்பியைக் கொஞ்சம் சூடாக்கும். அப்புறம் 1.41 மில்லி ஆம்பியரில் மறுபடி அளந்தால் சூடு இரட்டிப்பாகும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் அளவிலிருந்து கழித்தால், மின்னோட்டமே இல்லாத நிலையின் தடை கிடைக்கும்.

அடுத்தது நைட்ரஜன். ஊர்ப்பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர்கள் உறைவிந்துக் குச்சிகளை வைத்திருப்பதும் இதில்தான். காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும்போது இது மைனஸ் 195.8-இல் கொதிக்கும், பிடி100 சுமார் 20.3 ஓம் காட்டும். ஆனால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கொதிநிலை சுமார் 0.08 டிகிரி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும்போது பாரோமீட்டரைப் பார்க்காமல் இந்த அளவை எழுதாதீர்கள். புதிதாக வாங்கிய நைட்ரஜனையே எடுங்கள். திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து கொதிநிலை ஏறும். பிளாஸ்க்கின் வாயைப் பஞ்சால் லேசாக மூடலாம், இறுக்கி அடைத்தால் வெடித்துவிடும். கண்ணாடி, கையுறை கட்டாயம். அறையின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும், ஆவியாகும் நைட்ரஜன் மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். கம்பியை இறக்கும் முன் ஈரம் துடைத்து, மெதுவாக இறக்குங்கள்.

வெளியே எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அதே ஐஸ் பிளாஸ்க்கில் மறுபடி வையுங்கள். முதலில் பார்த்த அளவிலிருந்து 0.01 ஓமுக்கு மேல் விலகினால், குளிரில் கம்பி இழுபட்டிருக்கிறது. அன்றைக்கு நான் எந்தக் கிடங்குக்கும் சான்று எழுதுவதில்லை.