சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்: தோட்ட வரைபடங்களை ஸ்கிரிப்ட் மூலம் எடுக்கும்போது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு பிளாக்குக்கு ஒரு வரைபடம் தேவைப்படாத மாதமே கிடையாது. உரம் போட ஒன்று, குலை வெட்டுக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று. எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டதால், வரைபடம் இனி அலுவலகச் சுவருக்கு அலங்காரம் அல்ல. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் அட்லஸ் வசதி, அதே வகையைச் சேர்ந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோவின் வரைபடத் தொடர் ஆகிய இரண்டும் ஒரே பக்க அமைப்பை வைத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகப் பக்கங்களைத் தள்ளக்கூடியவை. அதற்கு மேல் ஒரு சிறு பைத்தான் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதிவிட்டால், இரவில் ஓடவிட்டுக் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) முன் அச்சடித்துக்கொள்ளலாம்.

பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும் ஸ்கிரிப்டால் பெரிய கேடு இல்லை. யாராவது பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்து, தவறான வரைபடத்தை மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) கையில் கொடுத்துவிடும் ஸ்கிரிப்டைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் கோப்புப் பெயர். கோப்புக்கு பிளாக் எண்ணையே பெயராக வைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் முதல் டிவிஷனிலும் ஒரு 12 இருக்கும், மூன்றாம் டிவிஷனிலும் ஒரு 12 இருக்கும். இரண்டாவதாக வரும் 12, முதலாவதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்காரும்; மென்பொருள் கேள்வி கேட்காது. மறுநடவு செய்த இடங்களுக்கு 2004/1 என்று பெயர் வைத்திருந்தால் வேறு தொல்லை. அந்தச் சாய்கோட்டைக் கணினி கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொள்வதால், கோப்பு ஏதோ ஓர் உட்கோப்புறைக்குள் போய் விழும், அல்லது எழுதப்படாமலே போகும். டிவிஷன் குறியீட்டை முன்னால் சேருங்கள், சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றுங்கள், எண்ணை 012 என்று மூன்று இலக்கமாக்குங்கள். கடைசியதைச் செய்யாவிட்டால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். ஏற்றுமதி தொடங்கும் முன்பே எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலில் திரட்டி, ஒரே பெயர் இருமுறை வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி எழுதுவது நான்கு வரி வேலைதான்.

அடுத்தது, மென்பொருள் திருப்பித் தரும் விடையைப் படிக்காமல் விடுவது. கியூஜிஐஎஸ்ஸில் ஒரு பக்கத்தை எழுத முடியாமல் போனால், ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இடையில் அறுந்து விழாது. ஒரு குறியெண்ணை மட்டும் தரும். வெற்றிக்கான எண் 0. பைத்தானிலோ 0 என்றால் 'இல்லை' என்று பொருள். ஆகவே 'விடை உண்டா' என்று பொதுவாகச் சோதித்தால் வெற்றி தோல்வியாகத் தெரியும், தோல்வி வெற்றியாகத் தெரியும். முழு அட்லஸையும் ஒரே கட்டளையில் ஏற்றுமதி செய்தால் வருவது குறியெண்ணும் பிழைவாசகமும் சேர்ந்த இணை. அதை அப்படியே சோதித்தால் எப்போதும் 'உண்டு' என்றே விடை வரும். வெற்றிக் குறியீட்டோடு நேராக ஒப்பிடுவதே சரி.

இது நடைமுறையில் எங்கே கடிக்கும்? அலுவலகக் கிராணி (எழுத்தர்) நேற்றைய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். விண்டோஸ் அந்தக் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும், புதிய பக்கம் அதன்மேல் எழுதப்படாது. பெயர் சரி, உள்ளே இருப்பது பழைய வரைபடம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதியிட்ட புதிய வெற்றுக் கோப்புறையைத் திறந்துவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

காணாமல் போகும் அடுக்குகள் (ஆறு, சாலை, எல்லை என்று வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் தரவுகள்) இதைவிட மோசம். பகலில் உங்கள் மேசையில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டை, விண்டோஸின் நேர அட்டவணை இரவில் வேறொரு பயனர் கணக்கில் ஓட்டும். அந்தக் கணக்குக்கு நீங்கள் இணைத்து வைத்த 'இசட்' பிணைய வட்டு தெரியாது. திட்டக்கோப்பு திறக்கும், பக்கங்கள் வரும், ஆற்று அடுக்கு மட்டும் இருக்காது. ஆற்றோரக் காப்புப் பகுதி தெரியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு களைக்கொல்லி அடிக்கும் குழு எதுவரை போகும் என்று யோசித்துப் பாருங்கள். திட்டத்தைத் திறந்ததும் ஒவ்வோர் அடுக்கும் செல்லுபடியாகிறதா என்று கேட்டு, ஒன்று குறைந்தாலும் ஸ்கிரிப்டை நிறுத்திவிட வேண்டும். 'இருப்பதை வைத்து எடுத்துவிடுவோம்' என்ற தாராளம் இங்கே கூடாது.

ஆயமுறையில், அதாவது நிலத்தின் இடங்களை எண்களால் குறிக்கும் முறையில், வரும் தவறு அரைகுறை அறிவால் வருவது. பழைய தோட்டத் திட்டப்படம் கெர்தாவ் என்ற பழைய அளவைத் தளத்தில் இருக்கும் (ஆயமுறைகளுக்கான இபிஎஸ்ஜி குறியெண் 3168), புதிய அளவை ஜிடிஎம்2000 தளத்தில் இருக்கும் (தீபகற்பத்துக்கு 3375, பேராக் கட்டத்துக்கு 3384), ட்ரோன் படமோ யூடிஎம் 47 வடக்கு என்ற உலகப் பொது ஆயமுறையில் வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்குகிறேன் என்று ஸ்கிரிப்டில் அடுக்கின் ஆயமுறையை வெறுமனே மாற்றி எழுதினால் பெயர்ப்பலகைதான் மாறும், ஆயங்கள் மாறாது. பேராக் கட்டத்துக்கும் யூடிஎம்முக்கும் இடையில் இப்படிச் செய்தால் பக்கம் வெறுமையாக வரும், உடனே பிடித்துவிடலாம். 3168-க்கும் 3375-க்கும் இடையில் செய்தால் படம் ஏறக்குறைய சரியாகவே தெரியும். எல்லைக்கோடு மட்டும் பக்கத்து பிளாக்குக்குள் புகுந்திருக்கும். ஆயங்களையே மாற்றித் தரும் உருமாற்றக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அளவுத்திட்டத்தை மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அளவில் வரும். ஒரே அளவாகப் பூட்டினால் பெரிய பிளாக்குகள் ஓரத்தில் வெட்டுப்படும். 1:5,000, 1:7,500, 1:10,000 என்று சிலவற்றை முன்கூட்டியே வரையறுத்து, பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது.

பக்கங்களுக்கு எண்ணிடுவதைப் பற்றி ஒரு வரி: ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் தொடரின் பக்கம் 1-இல் தொடங்கும், கியூஜிஐஎஸ் அட்லஸை ஸ்கிரிப்டில் நகர்த்தும்போது 0-இல் தொடங்கும். இதை மறந்தவர்களுக்கு முதல் பிளாக்கோ கடைசி பிளாக்கோ கிடைக்காது.

வரைபடத்தில் தமிழ்ப் பெயர் இருந்தால் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை விட்டுவிடுங்கள். அதன் எழுத்துப் புலம் அதிகபட்சம் 254 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 'கோ' என்ற ஓரெழுத்துக்கே 6. புலத்தின் அகலத்தை 30 என்று வைத்தவர்களுக்கு 'மாரியம்மன் கோவில் சாலை' 'மாரியம்மன்' என்று பாதியில் நின்றிருக்கும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. இரவில் ஓடும் கணினியில் நீங்கள் தேர்ந்த தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக எடுப்பதா, தனித்தனியாகவா? தனித்தனி என்பதே என் கட்சி. மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் போக வேண்டியது அவருடைய ஒரு பக்கம்தான். முழு ஓட்டத்துக்கு முன் மிகப் பெரிய பிளாக், மிகச் சிறியது, மிக நீளமான பெயருடையது ஆகிய மூன்றை மட்டும் எடுத்து அச்சிலேயே பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சிறிய எழுத்துகள்கூட நன்றாகத்தான் தெரியும்.