இயாகோவைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வைப் படிப்பவர்களும் நடிப்பவர்களும், தளபதி ஒத்தெல்லோவின் கீழ் பணிபுரியும் இயாகோவை முதல் காட்சியிலேயே வில்லன் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நமக்கு அது எளிது. தளபதியின் மனைவி டெஸ்டிமோனாவுக்கும் துணைத் தளபதி காசியோவுக்கும் கள்ள உறவு என்று தளபதியை நம்பவைக்கும் தன் சூழ்ச்சியை அவன் தனிமொழிகளில் நம்மிடம் கொட்டிவிடுகிறான். மேடையில் இருக்கும் ஒத்தெல்லோவுக்கோ காசியோவுக்கோ அந்த வசதி இல்லை. அவர்கள் வாய்க்கு வாய் அவனை நேர்மையானவன் என்கிறார்கள். ஆகவே ஓரக்கண் பார்வையும் கள்ளச் சிரிப்புமாக அவனை நடிக்காதீர்கள். அப்படிப்பட்டவனை நம்பும் தளபதி வெறும் ஏமாளியாகிவிடுவான், நாடகமும் படுத்துவிடும்.

அவன் பொய்யை அடுக்கியே காரியம் சாதிக்கிறான் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை நிதானமாகப் படியுங்கள். டெஸ்டிமோனாவிடமிருந்து காசியோ விலகிச் செல்கிறான். இது எனக்குப் பிடிக்கவில்லை என்று இயாகோ முணுமுணுக்கிறான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். காசியோ நேர்மையானவன்தானே என்று ஒத்தெல்லோ கேட்டால், 'நேர்மையா, ஐயா?' என்று கேள்வியையே திருப்பிக் கொடுக்கிறான். என்ன நினைக்கிறாய்? 'நினைப்பதா, ஐயா?' இதுவரை ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. கேட்பவன்தான் துருவித் துருவிக் கேட்டுத் தானே நஞ்சை வாங்கிக்கொள்கிறான். போதாக்குறைக்குப் பொறாமை கொள்ளாதீர்கள் என்று எச்சரிப்பதும் இயாகோவே! அடுத்து ஓர் உண்மையை எடுத்து வீசுகிறான்: தந்தையை ஏமாற்றித்தானே அவள் உங்களை மணந்தாள்? முதல் அங்கத்தில் அவளுடைய தந்தை பிரபான்ஷியோ விட்டுச்சென்ற எச்சரிக்கை அது. காசியோ தூக்கத்தில் உளறினான், ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குப் பரிசளித்த கைக்குட்டையால் தாடியைத் துடைத்தான் என்ற பச்சைப் பொய்களெல்லாம், ஒத்தெல்லோ ஆதாரம் கேட்டு இயாகோவின் கழுத்தைப் பிடித்த பிறகே வருகின்றன.

ஒரே காரணத்தைத் தேடி அலைவதும் வீண். துணைத் தளபதி பதவி காசியோவுக்குப் போன ஆத்திரம், ஒத்தெல்லோவையும் தன் மனைவி எமிலியாவையும் பற்றிய சந்தேகம் என்று அவனே பலவற்றைச் சொல்கிறான். 1565இல் வெளியான, இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோவின் மூலக்கதையில், டெஸ்டிமோனா மீதான நிறைவேறாத ஆசையே அந்த வில்லனை இயக்குகிறது. ஷேக்ஸ்பியர் அதை ஒரு வரியளவுக்குச் சுருக்கிவிட்டார். காரணமே இல்லாத தீமை என்ற, ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜின் புகழ்பெற்ற முடிவும் எனக்கு உவப்பானதல்ல. பதவி கைநழுவிய புகைச்சல் முதல் காட்சியிலேயே நெடியடிக்கிறது.

அவனை எல்லாம் முன்கூட்டியே கணக்கிட்ட மேதையாகத் தூக்கிவைக்கவும் வேண்டாம். கைக்குட்டை தற்செயலாக விழுகிறது. எமிலியா அதை எடுத்து இயாகோவிடம் கொடுக்கிறாள். டெஸ்டிமோனா மீது ஆசைகொண்டு இயாகோவிடம் ஏமாந்து, காசியோவைக் கொல்ல ஏவப்பட்ட ரோடரிகோ சொதப்பியதும், இயாகோவே இருட்டில் பாய்ந்து காசியோவின் காலை வெட்ட வேண்டியிருக்கிறது. ஆபத்தை உணர்ந்தே ஆடும் சூதாட்டக்காரன் அவன். எமிலியா வாயைத் திறப்பாள் என்பது மட்டும் அவன் கணக்கில் இல்லவே இல்லை. கைக்குட்டையைக் கொடுத்தது தானே என்று அவள் உடைத்துச் சொல்லும்போது, அத்தனை பேர் முன்னிலையில் அவளைக் குத்திவிட்டு ஓடுவதைத் தவிர அவனிடம் வேறு திட்டமே இல்லை.