அரபிக்கு ஹரகத் போட ஒரு குட்டி நிரல்

அரபி நாளிதழ் ஒன்றைத் திறந்து பாருங்கள். மெய்யும் நெடிலும் இருக்கும்; குறிலுக்கான குறிகள், அதாவது ஹரகத், அநேகமாக இருக்காது. காஃப், தா, பா என்ற அதே மூன்று எழுத்துகளைக் கதப என்று படித்தால் 'எழுதினான்', குதிப என்றால் 'எழுதப்பட்டது', குதுப் என்றால் 'நூல்கள்'. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாத எழுத்தை இடம் பார்த்துப் படித்த கதைதான். பழகியவர் படித்துவிடுவார்; புதிதாகக் கற்பவரும், எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் திணறும். விட்டுப்போன குறிகளைத் திரும்பப் போட பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதுவோம்.

படி 1: தஷ்கீலா என்ற இலவசத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். குறிகளோடு சுமார் 7.5 கோடிச் சொற்கள். பெரும்பாலும் பழைய நூல்கள், அதனால் நம் நிரல் இன்றைய செய்திச் சொற்களில் கொஞ்சம் தடுமாறும். முதல் தடவைக்கு ஒரு நூலே போதும். 10 வரிக்கு ஒரு வரியைச் சோதனைக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

படி 2: சொல்லை இழுத்துக் காட்டும் தத்வீல் கோடுகளை நீக்குங்கள். அப்புறம் ஷத்தா. இரட்டிப்பைக் காட்டும் இந்தக் குறியோடு உயிர்க்குறியும் சேர்ந்து வரும். எது முன்னால் என்பது கோப்புக்குக் கோப்பு மாறும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கோ இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒரு மாலை முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன். யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தை ஒரு முறை ஓட்டினால் வரிசை ஒன்றாகிவிடும்.

படி 3: ஃபத்ஹா (அ), கஸ்ரா (இ), ளம்மா (உ), மூன்று தன்வீன்கள் (சொல்லின் கடைசியில் அன், இன், உன்), ஷத்தா, ஸுகூன் (உயிர் இல்லை என்பதற்கு). இந்த 8 குறிகளும் யூனிகோடில் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே ரீஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைத் தேடும் கட்டளை) கழற்றிவிடலாம். கழற்றிய சொல்லைச் சாவியாக வைத்து, அது எந்தெந்தக் குறிகளோடு எத்தனை முறை வந்தது என்று எண்ணி அகராதியாக்குங்கள்.

படி 4: சோதனை வரிகளின் குறிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அதிக முறை வந்த வடிவத்தைப் போடுங்கள். அகராதியில் இல்லாததை அப்படியே விடுங்கள்.

படி 5: எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பிழை விழுக்காடு எடுங்கள். கடைசி எழுத்தைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை. ஏனென்றால் அரபியில் இலக்கண வேற்றுமை (எழுவாயா, செயப்படுபொருளா என்பது) பெரும்பாலும் கடைசி எழுத்தின் குறியில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'கதபத் தர்ஸ' என்றால் பாடத்தை எழுதினான். 'குதிபத் தர்ஸு' என்றால் பாடம் எழுதப்பட்டது. குறிகளைக் கழற்றினால் இரண்டும் ஒரே எழுத்துவரிசை. வாக்கியத்தைப் பார்க்காத நம் அகராதி எப்போதும் ஒரே விடையைத்தான் சொல்லும்.

படி 6: சரி, முந்தைய சொல்லையும் சேர்த்து இரண்டிரண்டாக எண்ணுங்கள். 'இல்' என்று பொருள்படும் 'ஃபீ' முன்னால் நின்றால் அடுத்த சொல் கஸ்ராவில் முடிவது போன்ற பழக்கங்கள் தானே பிடிபடும். மேலே சொன்ன பாட வாக்கியம் மட்டும் இதற்கும் மசியாது. எழுதியவன் யார் என்பது முந்தைய வாக்கியத்தில் அல்லவா இருக்கும்! மிஷ்கால் என்ற, குறி போடும் இலவச நிரலுக்கும் அதே வரியைக் கொடுத்து, இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள்.