பழைய கணினி பாதியில் நின்றுவிடுகிறதா? எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2012இல் வாங்கியது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு நாள் விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கின. நான் குளித்துச் சாப்பிட்டு வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தன. ‘விண்டோஸைப் புதிதாகப் போடு’ என்றார்கள். இரண்டு இரவுகள் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் பாதியில் நின்றது. கோளாறு கடைசியில் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் (கணினியின் முதன்மைப் பலகை) இணைக்கும் சாட்டா கேபிளில் இருந்தது. ஒருவேளை சாப்பாட்டுக் காசுகூட ஆகாத பொருள் அது. அந்த இரண்டு இரவுகள் உங்களுக்கும் வீணாகாமலிருக்கத்தான் இது.

படி 1: நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தயாரிப்பாளரின் சின்னத்திலேயே நிற்கிறதா, விண்டோஸ் சின்னத்திலா, டெஸ்க்டாப் வந்த பிறகா? கைப்பேசியில் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் போதும். நின்ற பிறகு கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினிக்கு இன்னும் உயிர் இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. விளக்கு அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் முழுதாக நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

படி 2: முதல் சின்னத்திலேயே நின்றால்

இந்தக் கட்டத்தில் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. ஆகவே அதைத் திட்டிப் பயனில்லை. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம். இப்போது விண்டோஸ் ஏறிவிட்டால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினால் குற்றவாளி அகப்படும்.

அடுத்து கணினி காட்டும் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான கணினிகளில் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் மறந்துபோகும். அவற்றில் ஒன்றான ஹார்ட் டிஸ்க் இயங்கும் முறை ஏஎச்சிஐ என்ற புதிய முறையிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறிவிட்டால், நல்ல விண்டோஸ்கூட ஏற மறுக்கும்.

படி 3: பெட்டியைத் திறப்பது

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, ‘டக்’ என்று கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பாருங்கள். சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றிச் செருகுங்கள். வேறொரு கேபிள் கையில் இருந்தால் மாற்றியே விடுங்கள். மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அத்துடன் நிறுத்திக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

படி 4: விண்டோஸ் சின்னத்தில் நின்றால்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் எதையும் முயலாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் படங்களையும் கோப்புகளையும் முதலில் நகலெடுங்கள்.

சத்தம் இல்லையென்றால், விண்டோஸ் 10இல் சின்னம் தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலை. அதில் ஒழுங்காக ஏறினால் சந்தேகம் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மீதோ ஏதேனும் மென்பொருள் மீதோதான். அண்மையில் நிறுவியவற்றை நீக்குங்கள். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றுக்கு விடைகொடுங்கள்.

படி 5: டெஸ்க்டாப் வந்த பிறகு நின்றால்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போய், தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் நன்றாக ஏறுகிறது, ஷட் டவுன் செய்து மறுநாள் போட்டால் நிற்கிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகியுங்கள். அணைக்கும்போது விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து மறுமுறை அதையே எடுத்துக்கொள்ளும் வசதி அது. எழுதியது கெட்டிருந்தால் கேடும் கூடவே திரும்பும். பவர் ஆப்ஷன்ஸில் அதன் டிக்கை எடுத்துவிடலாம்.

படி 6: டிஸ்க்கின் உடல்நிலை

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால், செக்டார்கள் (தகவல் பதியும் சிறு கட்டங்கள்) சாகத் தொடங்கியிருக்கலாம், அன்றே நகலெடுங்கள். நகலெடுக்கும் முன் டிஸ்க் முழுவதையும் சோதிக்கும் ஸ்கேன் எதையும் ஓட்டாதீர்கள். நொண்டும் டிஸ்க்கை அது மேலும் வதைக்கும்.

அந்த டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டால் பழைய கணினியே வேறு முகம் காட்டும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இத்தனை பழைய மதர்போர்டுகளில் இருக்காது. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். அப்பா செய்தித்தாள் படிக்க அது தாராளம்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால் மிஞ்சுவது பவர் சப்ளையும் மதர்போர்டும்தான். கடைக்குப் போகும்போது படி 1இல் எடுத்த வீடியோவைக் கையோடு கொண்டுபோங்கள்.