தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஜெர்மனிக்கு முதுநிலை படிக்கப் போகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது?

பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்புகிற பிள்ளைகளில் பலருக்கு, வெளிநாட்டு விஷயம் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அதனால் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆனால் இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த வரிசை தெரிந்துவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம்.

1. பெயரைச் சரிசெய்யுங்கள்

மதிப்பெண் பட்டியலில் எம். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா முருகேசன் என்று இருக்கும். நமக்கு இன்ஷியல் சாதாரண விஷயம், அங்கே இரண்டும் வேறு வேறு ஆள். விண்ணப்பம், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

2. ஏ.பி.எஸ். சான்றிதழ்

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். உங்கள் மதிப்பெண்களும் பட்டமும் உண்மையானவை என்று சரிபார்த்துக் கொடுக்கும் சான்று. கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். கடைசி செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

3. பணம்

நம் பக்கத்தில் அதிகம் பேர் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதற்கும் மேல். ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவுப் பணம் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல் ஆகும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் அது நம் கைக்கு வரும்.

இந்தத் தொகைக்குக் கல்விக்கடன் கேட்டுப் போனால் வங்கி அடமானம் கேட்கும். அப்பா மூன்று ஏக்கர் மாந்தோப்பின் பட்டா, சிட்டாவை எடுத்து நீட்டுவார், மேலாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு வழி கொடுத்த சர்ஃபாசி சட்டம் (2002) விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் கல்விக்கடனுக்குத் தோப்பையும் காட்டையும் எடுக்கப் பெரும்பாலான வங்கிகள் தயங்கும். வீட்டுமனை அல்லது கட்டிய வீடு இருந்தால் அதைக் காட்டுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, வங்கி வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று வரிசையாகக் கேட்பார்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆனால் வீடு இன்னும் தாத்தா பெயரில் இருந்து, பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாகவே நின்றிருந்தால் சித்தப்பா, அத்தை எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அட்மிஷன் கடிதம் வரும்வரை காத்திராமல் இந்தப் பேச்சை இப்போதே வீட்டில் எடுங்கள்.

4. விசாவும் பெட்டியும்

நமக்குப் பெங்களூரு பக்கம்தான், ஆனாலும் ஜெர்மன் விசாவுக்குத் தமிழ்நாடு சென்னைத் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. விமானம் மட்டும் பெங்களூரில் ஏறினால் போதும். விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது, ஓசூர் வழியாகப் போகிறவர்கள் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

பெட்டியில் மாம்பழம் வைக்காதீர்கள். அம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்தாலும், தாவர நலச் சான்று இல்லாமல் பழங்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எதுவும் கூடாது, பால் பொருளும் இறைச்சியும் தடை. கேழ்வரகு மாவு, புளி, மிளகாய்த்தூள் தாராளமாகக் கொண்டுபோகலாம். அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, அடிப்பாகம் பொருந்துகிற எவர்சில்வர் குக்கராகப் பார்த்து வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்க வேண்டாம். அன்றைக்கு அங்கே கடை இருக்காது.

5. இறங்கியதும் முகவரி

எல்லாமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்குப் பெயர் அன்மெல்டுங். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் தேவை. அறை பேசும்போதே, "இந்த முகவரியில் பதிய முடியுமா, படிவம் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த அறை வேண்டாம். அறையைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் அனுப்பச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், புது மாணவர்களைக் குறிவைத்து நடக்கிற மோசடி இது.

பதிவு முடிந்தால் வரி எண் தபாலில் வரும். வங்கிக் கணக்கு தொடங்கலாம், பல வங்கிகள் பதிவுச் சான்று கேட்கும். அந்தக் கணக்கு வந்த பிறகுதான் முடக்கக் கணக்குப் பணம் நகரும், ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள். மாணவர் விடுதிக்கு விண்ணப்பிப்பதை அட்மிஷன் வந்த அன்றே செய்துவிட வேண்டும், வரிசை அவ்வளவு நீளம்.

அப்புறம் தபால் பெட்டி. அங்கே அடுக்குமாடி வீட்டுக் கதவுகளுக்குப் பொதுவாக எண் இருக்காது, பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது என்பதால் கவிதாவுக்கு வருகிற கடிதமெல்லாம் "திருமதி முருகேசன்" என்ற பெயரில் வரும். எனவே "முருகேசன், கவிதா" என்று இரண்டையும் சேர்த்து ஒட்டுங்கள். வரி எண், வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் இந்தப் பெட்டிக்குத்தான் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும், கூட இருப்பவர்களோடு பங்கிட்டுக்கொள்ளலாம்.

விசா முடிவதற்கு முன் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். சந்திப்புத் தேதி கிடைக்கத் தாமதமாகும், விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

6. படிப்பு

இங்கே வருகைப் பதிவு இருந்தது, இன்டர்னல் இருந்தது, படிக்காவிட்டால் எச்.ஓ.டி. கூப்பிட்டுக் கேட்பார். அங்கே பெரும்பாலான வகுப்புகளில் யாரும் கேட்க மாட்டார்கள். தேர்வுக்குக்கூட நீங்களேதான் இணையத்தில் பதிய வேண்டும், தேதி தவறினால் அந்தத் தேர்வு போயிற்று. மதிப்பெண்ணில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. ஒரே கட்டாயப் பாடத்தில் அனுமதித்த முறை முழுவதும் தோற்றால், பல இடங்களில் அது மூன்று முறை, படிப்பையே விட்டு வெளியேற வேண்டியதுதான். அதனால் முதல் செமஸ்டரில் பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் துறையின் தேர்வு விதிமுறையை முதல் வாரமே உட்கார்ந்து படியுங்கள்.

7. வேலை

வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. சரி, கணக்குப் போட்டால் நன்றாகத்தான் தெரியும், ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் முதல் சில மாதங்கள் வேலை கிடைப்பது கடினம். முதல் வருடச் செலவை வேலையை நம்பித் திட்டமிட வேண்டாம். மொழியை இங்கேயே ஏ1, ஏ2 என்கிற தொடக்க நிலைகள் வரை முடித்துவிட்டுப் போங்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி உண்டு, அப்போதும் மொழிதான் கைகொடுக்கும்.

8. தனிமை

டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். வாரக்கணக்கில் வெயில் தெரியாது. நம் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது உண்மையிலேயே பாரம். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து என்றால் ஊரில் இரவு ஒன்பதரை, அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார், அந்த நேரத்தைப் போனுக்கு ஒதுக்குங்கள். தூக்கம் போய், வகுப்புக்குப் போக மனமில்லாமல் நாட்கள் நகர்ந்தால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். மாணவர் நல அமைப்பான ஷ்டூடியரெண்டென்வெர்க்கில் மனநல ஆலோசனை உண்டு, பல ஊர்களில் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். நீங்கள் சேரப்போகும் ஊரில் அதன் அலுவலகம் எங்கே, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.