பழைய விடுதியில் அறை பதிவுசெய்வோர் கவனத்திற்கு

கிளிநொச்சி, வவுனியா பக்கமிருந்து உறவுகளைப் பார்க்க வெளிநாடு செல்வோர், ஓரிரவேனும் வரலாறு உள்ள விடுதியில் தங்க விரும்பினால், முன்பதிவின்போதே “பழைய கட்டடத்தில் அறை கிடைக்குமா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மும்பையில் 1903இல் திறக்கப்பட்ட தாஜ்மகால் விடுதியை ஒட்டிப் பின்னாளில் எழுந்த கோபுரக் கட்டடமும் உண்டு. பினாங்கில் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அன்ட் ஓரியண்டலுக்கும் புதிய இணைப்புக் கட்டடம் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், எந்தப் பகுதி என்று பாராமல் பணம் கட்டிவிடுவது எளிது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸும் (1887) பினாங்கு விடுதியைப் போலவே ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் நிறுவியதுதான்.

எனினும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, கொழும்பில் 1864 முதல் கடலோரம் நிற்கும் கோல்பேஸ் ஹோட்டலே. அறை வாடகை கட்டுப்படியாகாதவர்கள் தேநீருக்கு மட்டும் செல்லலாம். புகையிரதத்தில் வந்து கோட்டை நிலையத்தில் இறங்கினால் ஓட்டோவில் சிறிது தூரந்தான். பொழுது சாயும் வேளையில், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் பதித்த கடற்பக்க முற்றத்தில் அமர்ந்திருந்தால், பேக்பைப் என்னும் பைக்குழல் இசை ஒலிக்கக் கொடி மெல்ல இறக்கப்படுவதைக் கண்ணாரக் காணலாம். சூரியன் மறைவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே சென்று, கடலை நோக்கிய மேசையைக் கேட்டு அமருங்கள்.